கால்தடத்தைக் காவல்காரன் என்றவர்

"பிள்ளைக்கு ஒருமுறை ரோட்டா வைரஸ் பேதி வந்து போகட்டும். அப்புறம் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாருங்கள். வைரஸின் ஒவ்வொரு புரதத்துக்கும் ஆன்டிபாடி அணிவகுத்து நிற்கும். பிறகு சொட்டு மருந்து எதற்கு?"

சென்ற இதழில் வந்த அந்த நீண்ட கட்டுரையைப் பிழிந்தால் மிஞ்சுவது இந்த நாலு வரிதான். மற்றதெல்லாம் விபி4, விபி6, விபி7, என்எஸ்பி4 என்று புரதங்களின் பெயர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாமன் மச்சான் பெயரை ஒன்று விடாமல் அச்சடிப்பதுபோல் அடித்திருக்கிறார். யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. ஆன்டிபாடியை அளக்கும் எலிசா தட்டின் 96 குழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து கண் பூத்துப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குழிகளில் மஞ்சள் நிறம் ஏறுவதைப் பார்த்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியும் என்றால், நாங்களெல்லாம் எப்போதோ கடையை மூடிவிட்டு ஜோசியம் பார்க்கப் போயிருப்போம்.

அவர் எழுதியதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். இயற்கையாக வரும் தொற்று பாதுகாப்புத் தருகிறது. அதை அழகாகக் காட்டியது மெக்சிகோ நகரத்தில் நடந்த ஆய்வு. 1996இல் வெளியானது. பிறந்த நாளிலிருந்து இரண்டு வயதுவரை 200 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். ஒரு தொற்று கண்ட குழந்தைக்கு மறுபடி ரோட்டா பேதி வருவது 77 விழுக்காடு குறைந்தது. இரண்டு கண்டால் 83, மூன்று கண்டால் 92. இரண்டு தொற்றுக்குப் பிறகு மிதமான, கடுமையான பேதி ஒரு குழந்தைக்கும் வரவில்லை. கட்டுரையாளர் இந்த ஆய்வைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார். ஆடட்டும், நல்ல ஆய்வுதான். ஆனால் அது மெக்சிகோவில் நடந்தது என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வாசிப்பவர் ஏதோ நம்மூர்க் கணக்கு என்றே நினைப்பார்.

நம்மூர்க் கணக்கு இல்லாமலா இருக்கிறது? வேலூர் ஆய்வும் தன் பக்கமே என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதுகிறார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போவது அங்கேதான்.

வேலூரில் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்தார்கள் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம், பேதி வந்தால் அப்போதும் மலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்த வேலை. 2011இல் முடிவு வந்தது. அந்த 373 பிள்ளைகளுக்குள் கண்டறிந்த ரோட்டா தொற்று 1103. சராசரியாகத் தலைக்கு மூன்று. ஆறு மாதம் நிறைவதற்குள் 56 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு முதல் தொற்று வந்துவிட்டது. மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடு. மெக்சிகோவில் இரண்டு தொற்றில் முழுசாகக் கிடைத்தது, வேலூரில் மூன்று பட்டும் கிடைக்கவில்லை. இந்த 79 என்ற எண் கட்டுரையில் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

இன்னொன்றும் இல்லை. அங்கே அதிகம் சுற்றிய வகை ஜி1பி8. அந்த வகையை ஏற்கெனவே கண்ட குழந்தைக்கு அதே வகை மறுபடி வராமல் தனிப் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. "ஒவ்வொரு வகைக்கும் உடல் ஒரு பூட்டுச் செய்து மாட்டிவிடுகிறது" என்று கட்டுரையாளர் கவிதை எழுதியிருக்கிறாரே, அந்தப் பூட்டு வேலூரில் மாட்டவில்லை.

சரி, புரதங்களுக்கு வருவோம். அவர் அதிகம் சறுக்கியது இங்கேதான்.

ரோட்டா வைரஸை ஒரு பலாப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு, பேதி கண்ட குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதை அடையாளம் கண்டது. வட்டமும் ஆரமுமாகச் சக்கரம்போல் இருந்ததால் பிறகு ரோட்டா என்ற பெயர் நிலைத்தது. நமக்குப் பலாப்பழமே வசதி. மேல்தோல் விபி7. தோலில் துருத்தும் முள் விபி4. உள்ளே சதையாக நிறைந்திருப்பது விபி6. அதற்கும் உள்ளே விபி2 ஓடு, அதற்குள் 11 துண்டுகளாக மரபுப்பொருள். குடல் செல்லுக்குள் நுழையும்போது முள்ளும் தோலும் கழன்றுவிடும். சதையும் கொட்டையும் மட்டும் உள்ளே போய்த் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்.

வெளியே தெரிவது முள்ளும் தோலும். வைரஸ் செல்லில் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிபாடிகள் பிடிப்பதும் அவற்றைத்தான். ஆனால் துகளின் புரத எடையில் ஏறக்குறைய பாதி விபி6. தொற்று வந்த குழந்தையின் ரத்தத்தில் பெருங்கூட்டமாக இருப்பதும் விபி6 ஆன்டிபாடியே. நாங்கள் எலிசாவில் "ரோட்டா ஆன்டிபாடி" என்று அளப்பது பெரும்பகுதி இந்தக் கூட்டத்தைத்தான். சோதனைக்குழாயில் வைரஸோடும் செல்லோடும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஆன்டிபாடி தொற்றைத் தடுக்காது. சதையைப் பிடிக்கும் கை, தோல் உரியாத பழத்தை என்ன செய்யும்?

இங்கே கட்டுரையாளர் ஒரு "கண்டுபிடிப்பு" நிகழ்த்துகிறார். வெஸ்டர்ன் பிளாட் செய்து பார்த்தார்களாம், விபி6 பட்டை கறுப்பாகத் தடித்து வந்ததாம், விபி7 பட்டை மங்கலாம். ஆகவே உடலின் உண்மையான ஆயுதம் விபி6 என்று உடலே சொல்லிவிட்டதாம். உடல் அப்படி எதையும் சொல்லவில்லை ஐயா. சொன்னது நீங்கள் பார்த்த முறை. விபி7 மூன்று மூன்றாகக் கைகோத்து நிற்கும் புரதம். கோத்த கையை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். கால்சியத்தை எடுத்துவிட்டால் தோல் முழுவதும் கழன்று விழும். ஆன்டிபாடி அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்தக் கோத்த வடிவத்தை. வெஸ்டர்ன் பிளாட்டிலோ புரதத்தை முதலில் சோப்பு மருந்தில் கொதிக்கவைத்துப் பிரித்து நீட்டிவிடுகிறார்கள். வடிவம் போயிற்று. பலாப்பழத்தை மிக்சியில் அடித்துக் கூழாக்கி, விரலால் தடவி, "முள்ளே இல்லையே" என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன சொல்வோம்?

முறை தெரியாமல் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் இதுதான் கதி. விபி7 ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டுமானால் வடிவம் கெடாத வைரஸ் வேண்டும், அல்லது குரங்குச் சிறுநீரக செல்களில் வைரஸையும் சீரத்தையும் கலந்து விட்டு எத்தனை செல் தொற்றாமல் தப்பியது என்று எண்ண வேண்டும். அலுப்பான வேலை. நாள் கணக்கில் பிடிக்கும். பட்டையின் கறுப்பைப் பார்த்துக் கட்டுரை எழுதுவது அரை மணி.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விபி6 ஆன்டிபாடி உபயோகமே இல்லாதது என்று நானும் சொல்லமாட்டேன். 1996இல் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். விபி6க்கு எதிரான ஐஜிஏ வகை ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்களை எலியின் முதுகில் கட்டிபோல் வளரவிட்டார்கள். சோதனைக்குழாயில் வைரஸைத் தடுக்காத அதே ஆன்டிபாடி, எலியைத் தொற்றிலிருந்து காத்தது. ரத்தத்திலிருந்து குடலின் உட்புறத்துக்கு ஐஜிஏ போகும் வழி குடல் செல்லின் வயிற்றைக் கடந்தே போகிறது. தோல் உரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் வைரஸை வழியிலேயே பிடித்துவிடுகிறது என்பது விளக்கம். அதே ஆன்டிபாடியைக் குடலுக்குள் நேராக ஊற்றியபோது பலன் இல்லை. எனக்குப் பிடித்தமான சோதனைகளில் ஒன்று. கட்டுரையாளர் இதைப் படித்திருந்தால் தன் வாதத்துக்கு ஒரு நல்ல கால் கிடைத்திருக்கும். படிக்கவில்லை. படித்திருந்தாலும் சிக்கல்தான். அவர் கட்டுரை முழுக்கப் பேசுவது ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி பற்றி. அந்த வாசல் வழியாக ஐஜிஜிக்குப் பாஸ் கிடையாது.

ஐஜிஜி என்றதும் இன்னொரு வேடிக்கை. "இரண்டே மாதக் குழந்தைகளின் ரத்தத்திலும் ஆன்டிபாடி நிறைந்திருக்கிறது, இயற்கையின் அதிசயம் பாரீர்" என்கிறார். அதிசயம்தான், ஆனால் பிள்ளையுடையது அல்ல. நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்த ஐஜிஜி அது. சில மாதங்களில் கரைந்துவிடும். அப்பன் ஆத்தாள் போட்டுவைத்த வைப்புத்தொகையைப் பார்த்துவிட்டுப் பையன் நன்றாகச் சம்பாதிக்கிறான் என்று கணக்கெழுதுகிறார். ஐஜிஏ நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அதனால்தான் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஏ தெரிந்தால், இது இந்தப் பிள்ளை பார்த்த வைரஸுக்கான பதில் என்று சொல்கிறோம். ஆய்வகத்தில் முதல் வாரம் சேரும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அந்த ஐஜிஏவாவது நம்பத் தகுந்த அளவுகோலா? கையில் இருப்பவற்றில் அதுவே மேல். ஆனாலும் சண்டை நடப்பது குடலில், நாம் ஊசி குத்துவது கையில். குடலில் சுரக்கும் ஐஜிஏவை மலத்தில் அளக்கலாம், ஆனால் அது சீக்கிரமே வடிந்துவிடும். இந்த அளவு இருந்தால் குழந்தை பத்திரம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் எண் ரோட்டா வைரஸுக்கு இன்றுவரை இல்லை. ரோட்டாவேக் என்ற சொட்டு மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்து 6799 குழந்தைகள். மருந்து பெற்றவர்களில் ரத்தத்து ஐஜிஏ நாலு மடங்கு ஏறியது சுமார் 40 விழுக்காட்டினருக்கு. கடுமையான ரோட்டா பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்போ சுமார் 54 விழுக்காடு. ரத்தம் சொன்னதைவிடக் குடல் அதிகம் சாதித்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பாடம் ஆப்பிரிக்காவிலிருந்து. முள்ளின் நுனித்துண்டான விபி8 புரதத்தை ஊசி மருந்தாக்கிக் கானா, மலாவி, ஜாம்பியா நாடுகளில் பெரிய அளவில் சோதித்தார்கள். முந்தைய கட்டங்களில் ரத்தத்து ஆன்டிபாடி நன்றாகவே ஏறியிருந்தது. பாதுகாப்பு என்று வந்தபோது, வாய்வழி மருந்தைவிட மேல் என்று காட்ட வழியில்லாமல் இடையிலேயே நிறுத்தினார்கள். ரத்தத்து ஆன்டிபாடி ஏட்டுச் சுரைக்காயாகிவிடும் சமயங்களும் உண்டு.

அடுத்து வருவது கட்டுரையின் உச்சகட்டக் காமெடி. "தடுப்பு மருந்தில் இருப்பது ஆய்வகத்தில் செய்த ஒற்றைப் புரதம். இயற்கைத் தொற்றில் எல்லாப் புரதமும் உண்டு. எது மேல்?" கேள்வி கம்பீரமாக இருக்கிறது. இங்கே அரசு கொடுக்கும் சொட்டு மருந்தில் ஒற்றைப் புரதம் என்று எதுவுமே இல்லை. உள்ளே இருப்பது உயிருள்ள முழு வைரஸ். குடலில் பெருகுகிறது, பெருகும்போது தன் புரதங்கள் எல்லாவற்றையும் செய்கிறது. அவர் பெருமையாகச் சொல்லும் என்எஸ்பி4 உட்பட. (பேதியை உண்டாக்கும் நச்சு என்று 1996இல் எலிக்குட்டிகளில் காட்டப்பட்ட புரதம் அது. அதற்கான ஆன்டிபாடி மனிதக் குழந்தையைக் காக்கும் என்பது நிறுவப்படவில்லை. அதற்கென்று அவர் ஒதுக்கிய அரைப் பக்கத்துக்கு என் பதில் இந்த அடைப்புக்குறி போதும்.)

ரோட்டாவேக் வைரஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒரு ரோட்டா வைரஸ் பரவியது. குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது, பேதி இல்லை. அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது பின்னால் வரும் ரோட்டா பேதி குறைந்திருந்தது. எம்.கே. பான் குழுவினர் அந்த வைரஸை எடுத்து 116இ என்று பெயரிட்டு வைத்தார்கள். முள்ளுக்கான மரபணு மாட்டு ரோட்டாவிலிருந்து தானாகவே வந்து கலந்த, இயற்கையே கட்டிய கலப்பு. ஆய்வகம் அதைச் சாதுவாக்கவில்லை, சாதுவாகவே கிடைத்தது. இயற்கை, இயற்கை என்று நூறு தடவை எழுதியவர், இயற்கை தன் கையால் எடுத்துக் கொடுத்ததைச் "செயற்கை" என்று தள்ளுகிறார்.

இயற்கை எப்போதும் இப்படித் தாராளமாகக் கொடுப்பதுமில்லை. வேலூரில் பிறந்த குழந்தைகளிடையே ஜி10பி11 என்ற வேறொரு வைரஸ் பரவியது. டெல்லி அனுபவத்தை நம்பி, அதுவும் காக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு: காக்கவில்லை. பிறந்ததும் அந்தத் தொற்றைக் கண்ட குழந்தைகளுக்கும் காணாத குழந்தைகளுக்கும் பின்னால் வந்த தொற்றில் வித்தியாசம் இல்லை. அதுவும் இயற்கைத் தொற்றே. அதிலும் எல்லாப் புரதமும் உண்டு. கட்டுரையாளரின் சூத்திரப்படி அந்தப் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

சொட்டு மருந்தைக் குறை சொல்ல நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1998இல் உரிமம் பெற்ற முதல் ரோட்டா மருந்து, குடல் செருகிக்கொள்ளும் சிக்கலால் மறு ஆண்டே விலக்கப்பட்டது. இப்போதுள்ள மருந்துகளும் ஏழை நாடுகளில் பாதிப் பலமே காட்டுகின்றன. ஒரே மருந்து, லத்தீன் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் கடுமையான பேதியை 85 விழுக்காடு குறைத்தது, மலாவியில் 49தான். ஏன் என்று ஒரு கறாரான கட்டுரை எழுதியிருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தொட்டால் அவருடைய வாதம் சரிந்துவிடும். மருந்து எங்கே சோர்கிறதோ, இயற்கைத் தொற்றும் அங்கேயே சோர்கிறது. மெக்சிகோவில் வென்ற இயற்கை, வேலூரில் மூன்று முறை முயன்றும் 79இல் நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் தொற்று, போதாத ஊட்டம், எந்நேரமும் அழற்சியில் இருக்கும் குடல் என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழுது குடல் வளரும் சூழலில் இருக்கும்போது, "மருந்தை விடு, நோயை வாங்கு" என்று சொல்வதற்கு என்ன பெயர்?

நோயை வாங்குவது என்றால் என்ன என்பதையும் பேசிவிடலாம். அவர் அதை "லேசான பேதி" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பல் முளைக்கிற பேதி என்பார்கள். பல் முளைக்கும் மாதங்களும் ரோட்டா தாக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருவதால் பழி பல்லின்மேல் விழுந்தது. பாட்டிமாரை மன்னிக்கலாம், அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. வாந்தியில் தொடங்கும். பிறகு தண்ணீராகப் போகும். கண் குழி விழும், உச்சிக்குழி உள்வாங்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும். உப்பு சர்க்கரைக் கரைசலை விடாமல் ஊட்டினால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடும். ஊட்டியதெல்லாம் வாந்தியில் திரும்பி வந்து, ஆஸ்பத்திரி தொலைவாக இருந்து, நேரம் ராத்திரியாகவும் இருந்துவிட்டால்? மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 78 ஆயிரம் குழந்தைகள் ஆண்டுதோறும் ரோட்டாவால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். ஆன்டிபாடி அளக்க ரத்தம் கொடுத்த குழந்தைகள் எல்லோரும் பிழைத்த குழந்தைகள். பிழைத்தவர்களின் ரத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நோய் எவ்வளவு நல்லது என்று எழுதுகிறார். மற்றவர்கள் எந்த எலிசா தட்டிலும் இல்லை.

கடைசியாக அவருடைய யோசனை. குழந்தைக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, ஆன்டிபாடி இருந்தால் சொட்டு மருந்தை விட்டுவிடலாமாம். நடைமுறையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு இந்த மருந்தைக் கொடுக்கிறது. அட்டவணை 6, 10, 14ஆம் வாரம். ஆறாவது வாரத்தில் ரத்தம் எடுத்தால் கிடைப்பது அம்மாவின் ஐஜிஜி. அதைப் பார்த்து "ஆன்டிபாடி உண்டு, மருந்து வேண்டாம்" என்று அனுப்பினால், அனேகமாக எல்லாப் பிள்ளைகளையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதுதான். தாய் தந்தது கரையட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தால், வேலூர்க் கணக்குப்படி அதற்குள் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைரஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். தடுக்க வேண்டிய முதல் தொற்று முடிந்திருக்கும்.

எந்த வயதில் ஊசி குத்த வேண்டும், எந்தப் புரதத்துக்கான எந்த வகை ஆன்டிபாடியை அளக்க வேண்டும், எவ்வளவு இருந்தால் அந்தப் பிள்ளையை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம்? இந்த மூன்றுக்கும் விடையைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும். வார்த்தை வேண்டாம், எண்ணாக எழுதட்டும்.